நேர்கோட்டுக்கு ஷாக் கொடுக்காதீர்கள்

மானிட்டரில் பச்சைக் கோடு நேராகிறது. நீளமாக ஒரு 'பீப்'. டாக்டர் இரண்டு பேடில்களையும் ஒன்றோடொன்று தேய்த்து நெஞ்சில் வைக்கிறார். உடம்பு கட்டிலை விட்டு அரையடி எழும்பி விழுகிறது. மூன்றாவது ஷாக்கில் கோடு துள்ள ஆரம்பிக்க, கதாநாயகி கண் திறந்து "அம்மா" என்கிறாள். சென்னையில் ராத்திரி சீரியல் ஓடும் வீடுகளில் எத்தனையோ நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள், பார்மசிஸ்ட்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் அவர்களுக்குக் கதை அறுந்துபோகிறது. அதுவரை மெனக்கெட்டு அழவைத்த காட்சிகளும் சேர்ந்தே போய்விடுகின்றன.

நேர்கோடு என்றால் இதயத்தில் மின்னோட்டமே இல்லை என்று அர்த்தம். ஷாக் என்பது, தாறுமாறாகத் துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தை ஒரு கணம் மொத்தமாக அடக்கி, அதன் சொந்தத் தாளத்தை மறுபடி பிடிக்க இடம் கொடுப்பது. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்ற நிலையில் கோடு புழு நெளிவதுபோல் ஒழுங்கில்லாமல் நெளியும், ஷாக் அதற்குத்தான். ஏற்கெனவே அடங்கிக் கிடக்கும் இதயத்துக்கு ஷாக்கால் பயனில்லை. அங்கே செய்யக்கூடியது நெஞ்சை அழுத்துவதும், 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் அட்ரினலின் போடுவதும், இதயம் ஏன் நின்றது என்று தேடுவதும்தான். அந்த அட்ரினலினும் நெஞ்சைத் துளைத்து இதயத்தில் குத்தும் நீள ஊசியில் போவதில்லை. கையில் போட்டிருக்கும் நரம்பு ஊசி வழியாக மருந்து, பின்னாலேயே 20 மில்லி சலைன், பிறகு கையைத் தூக்கிப் பிடிப்பார்கள். எழுதுகிறவருக்கு இந்தக் கை தூக்கும் அசைவு ஒன்று போதும், காட்சி நிஜமாகிவிடும்.

எழுத்தாளர்களும் இயக்குநர்களும் செய்யும் மருத்துவப் பிழைகளைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலானவற்றின் அடியில் இருப்பது ஒரே பிழை. நேரம். மருந்தின் பெயரையும் கருவியையும் விசாரித்துத் தெரிந்துகொள்கிறார்கள். உடம்பு எடுத்துக்கொள்ளும் நேரத்தை மட்டும் கதையின் அவசரத்துக்கு வெட்டிவிடுகிறார்கள். உண்மையான நேரத்தை அப்படியே வைத்தால் காட்சி தொய்ந்துவிடும் என்று ஒரு பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதுதான் என் கட்சி.

நெஞ்சை அழுத்தி மூச்சு கொடுக்கும் சி.பி.ஆரையே எடுத்துக்கொள்ளுங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதி, முழங்கை மடங்கவே கூடாது, தோள் கைக்கு நேர் மேலே. 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுக்க மேலெழும்ப விட வேண்டும். இதைச் செய்கிறவர் இரண்டே நிமிடத்தில் களைத்துவிடுவார், அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். குள்ளமான சிஸ்டர் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு ஏறி நிற்பார். ஒருவர் உரக்க எண்ணுவார், ஒருவர் பையை அழுத்தி மூச்சு கொடுப்பார், ஒருவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பார். வயதானவர் என்றால் விலா எலும்பு முறியும் சத்தம் கேட்கும். கேட்டாலும் நிறுத்தக் கூடாது. இருபது நிமிடம், முப்பது நிமிடம் என்று இது நீளும்போது அறைக்கு வெளியே நிற்கும் மகனுக்கு உள்ளிருந்து எண்ணிக்கை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். இத்தனையும் செய்தும் பெரும்பாலானவர்கள் பிழைப்பதில்லை. பிழைத்தாலும் உடனே பேச்சு வராது: தொண்டையில் குழாய், மயக்கம், ஐ.சி.யூ.வில் சில நாள்.

நடிகர்கள் முழங்கையை மடக்கி மேலோட்டமாக அழுத்துவதற்கு நியாயமான காரணம் உண்டு. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் மேல் நிஜமாக அழுத்துவது ஆபத்து. கேமரா ஃப்ரேமை, அழுத்துகிறவரின் மணிக்கட்டுக்கு மேலே நிறுத்திவிட்டு, கீழே ரப்பர் பொம்மையை வைத்தால் பிரச்சினை தீர்ந்தது. பேடில் தேய்க்கும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். ஜெல்லைத் தடவி ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழேயும் மற்றொன்றை இடது மார்பின் பக்கவாட்டிலும் அழுத்தி வைத்து, "எல்லாரும் தள்ளுங்க" என்று சொல்லி, யாரும் கட்டிலைத் தொடவில்லை என்று கண்ணால் பார்த்தபிறகுதான் பொத்தானை அழுத்துவார்கள். இப்போதைய மெஷின்களில் 120 முதல் 200 ஜூல். உடம்பு ஒரு சிறு உதறல் உதறும், அவ்வளவே.

அடுத்தது பாம்புக்கடி. கடித்த இடத்துக்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டி, கத்தியால் கீறி, வாயால் உறிஞ்சித் துப்புவது ஊர்ப் பின்னணியில் நடக்கும் கதைகளில் தவறாமல் வருகிறது. பாதகம் செய்யும் பிழை இது, ஏனென்றால் பார்த்தவர்கள் நிஜத்திலும் அதையே செய்கிறார்கள். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகலாம். கட்டை அவிழ்க்கும் நேரத்தில் தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறி ஆள் சரிந்துவிடலாம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடியில் ரத்தம் உறையும் தன்மையே போயிருக்கும், அங்கே கீறினால் நிற்காமல் ஒழுகும். உறிஞ்சுவதால் உள்ளே போன விஷம் வெளியே வருவதில்லை. செய்ய வேண்டியது ஒரு குச்சியோ ஸ்கேலோ வைத்துக் காலை அசையாமல் கட்டுவது, வீங்குவதற்கு முன் மெட்டி, கொலுசு, மோதிரத்தைக் கழற்றுவது, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது.

ஆஸ்பத்திரிக் காட்சியை எப்படி எழுதலாம்? கடித்தது எந்தப் பாம்பு என்று யாருக்கும் தெரியாது, வைத்துக்கொள்வோம். டியூட்டி டாக்டர் 2 மில்லி ரத்தம் எடுத்து, கழுவி மறுபடி பயன்படுத்தாத, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு மேஜை மேல் வைக்கிறார். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. அதில் உறைவது சரியாகத் தெரியாது. 20 நிமிடம் யாரும் அதைத் தொடக் கூடாது, ஆட்டக் கூடாது. பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நிம்மதி. தண்ணீர் மாதிரி ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் வேலை செய்கிறது. இருபது நிமிடம் ஒரு குடும்பமே மேஜைமேல் இருக்கும் ஒரு சின்னக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இதைவிட அழுத்தமான காட்சியைக் கற்பனையில் உண்டாக்குவது கஷ்டம்.

விஷமுறிவு மருந்தும் ஒரு ஊசியில் முடிகிற விஷயம் இல்லை. பெரும்பாலும் தூளாக வரும். ஒவ்வொரு குப்பியிலும் 10 மில்லி சுத்த நீர் விட்டுக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டுவார்கள். முதல் தவணைக்கே 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு, ஏனென்றால் பாம்பு செலுத்தும் விஷம் ஆள் பார்த்துக் குறைவதில்லை. சலைனில் கலந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஏற்றுவார்கள். குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படும் மருந்து என்பதால் பாதியில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்து, ரத்த அழுத்தம் விழலாம். அதற்கு அட்ரினலினைச் சிரிஞ்சில் ஏற்றித் தயாராகப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தைச் சென்னைக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கிறார்கள்; 1978-இல் தொடங்கிய சங்கம் அது. பாம்புக்கடியைக் கதையில் கொண்டுவரும் சென்னை எழுத்தாளர் ஒரு நாள் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு எழுதினால் எழுத்தே வேறாக இருக்கும்.

நால்வரில் கட்டு விரியனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரியில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல் மிகச் சிறியது. வலி இருக்காது, தடம் கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, வாந்தி என்று எழுந்திருப்பார்கள். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகள் நிற்கும். வென்டிலேட்டரில் போட்ட பிறகு கைகால் அசையாது, கண் திறக்காது, டார்ச் அடித்தால் கண்மணிகூடச் சுருங்காமல் இருக்கலாம். பார்ப்பவர்களுக்குப் பிணம், உள்ளே ஆள் முழு நினைவோடு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடும். நாள்கணக்கில் மெஷின் மூச்சு கொடுத்தால் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார். எழுதுவதற்கு இப்படி ஒன்று கையருகே இருக்கும்போது, கடித்த கணத்திலேயே வாயில் நுரை தள்ளி நீலமாகிச் சாகும் பாத்திரங்களை ஏன் இன்னும் எழுத வேண்டும் என்று ஆதங்கமாக இருக்கிறது.

கண் கட்டு அவிழ்க்கும் காட்சி தமிழுக்கே உரியது. சுற்றிச் சுற்றித் துணி அவிழும், இமை மெல்லத் திறக்கும், மங்கல் தெளியும், முதலில் தெரிவது காதலன் முகம். தானமாகக் கிடைப்பது முழுக் கண் என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருப்பதற்கு இந்தக் காட்சிக்கும் பங்கு உண்டு. பொருத்தப்படுவது கருவிழி மட்டும், ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம். இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் சுற்றிவரப் பதினாறு தையல் போடுவது வழக்கம். கட்டை மறுநாள் காலையிலேயே பிரித்துவிடுவார்கள். அப்போது தெரிவது பனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் ஒரு மங்கல்தான். பார்வை தெளிய மாதக்கணக்கு ஆகும், தையல்களைச் சிறிது சிறிதாகப் பிரிக்க ஒரு வருஷம்கூட ஆகும். விழித்திரையோ பார்வை நரம்போ கெட்டவருக்கு இந்தச் சிகிச்சை பயன்படாது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர் பெரியவரான பிறகு கண் சரியானாலும், முகம் எது, சுவர் எது என்று மூளை கற்றுக்கொண்டிருக்காது. கண் முன்னால் நிற்பவர் அம்மா என்று அவருக்குத் தெரிவது அம்மா பேசும்போது அல்லது தொடும்போதுதான்.

சில பிழைகளுக்குச் சுருக்கமான பதிலே போதும். பின்மண்டையில் கட்டையால் ஒரு போடு, அரை மணி நேரம் மயக்கம், எழுந்து தலையைத் தடவிக்கொண்டு சண்டைக்குப் போவது நடக்காது. சில நிமிடத்துக்கு மேல் நினைவில்லாமல் கிடந்தவருக்கு சி.டி. ஸ்கேன் அவசியம். அதைவிட உக்கிரமான உண்மை ஒன்று இருக்கிறது. ஓ.எம்.ஆரில் ஹெல்மெட் இல்லாமல் வண்டியிலிருந்து விழுந்தவர் எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்லண்ணே" என்று வீட்டுக்குப் போகிறார்; பொட்டெலும்புக்கு அடியில் கிழிந்த தமனி மெல்லக் கசிந்து, சில மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி, பிறகு எழுப்ப முடியாத தூக்கம். இரண்டாவது அடியில் பழைய நினைவு திரும்புவதும் கிடையாது. குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டை இரண்டு நொடியில் யாரையும் வீழ்த்தாது, விடாமல் சில நிமிடம் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு நாடியை வைத்துக் கர்ப்பம் சொல்ல முடியாது. "தாயா, குழந்தையா, ஒருத்தரைத்தான் காப்பாத்த முடியும்" என்று டாக்டர் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வந்து கேட்பதும் இல்லை. தாயைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, அதற்கே பல நேரம் சிசேரியன் செய்து குழந்தையை எடுப்பார்கள், இரண்டு பேருக்கும் அதுவே வழி.

பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக் குழாய் வழியாக நேராக ரத்தம் கொடுப்பதும் அப்படித்தான். ஒரு பை 350 அல்லது 450 மில்லி. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிஃபிலிஸ், மலேரியா சோதனை முடிந்து, நோயாளி ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று கிராஸ் மேட்ச் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். மகன் ரத்தம் அம்மாவுக்குப் போவதைப் பாசத்தின் உச்சமாகக் காட்டுகிறோம். நெருங்கிய உறவினர் ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்கள் பெறுபவரின் உடம்பையே தாக்கும் அபாயம் உண்டு என்பதால் கதிர்வீச்சு செலுத்தாமல் அதை ஏற்றுவதில்லை. ரத்த வகையை வைத்து ரகசியம் உடைக்க விரும்பினால் நேர்மையான வழி இருக்கிறது. அப்பா ஏபி என்றால் பிள்ளை ஓ ஆக இருப்பது, மிக அரிதான விதிவிலக்குகள் தவிர, நடக்காது. அம்மா, அப்பா இருவரும் ஓ என்றால் பிள்ளையும் ஓதான். ஆஸ்பத்திரி அட்டையில் இரண்டு எழுத்தை ஒரு பாத்திரம் படித்துவிட்டு மௌனமானால் போதும்.

ரத்தப் புற்றுநோய் என்றாலே இருமி, கைக்குட்டையில் ரத்தம் பார்த்து, மூன்று மாதக் கெடு விதிக்கும் எழுத்து இப்போதும் வருகிறது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகையில், முறையாகச் சிகிச்சை எடுத்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிறார்கள். அந்தச் சிகிச்சை இரண்டு, மூன்று வருஷம் நீளும். நாள்பட்ட ஒரு வகைக்கு 2001-இல் வந்த இமாட்டினிப் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையின் காலத்திலிருந்து இந்த நோயின் கதை எவ்வளவோ மாறிவிட்டது. கைக்குட்டை மட்டும் மாறவில்லை. அதைப் பார்த்துச் சிகிச்சையே வேண்டாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுத்துவிடக் கூடும் என்பதுதான் என் கவலை.

துப்பறியும் கதைக்காரர்களுக்குச் சென்னையின் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பிணத்தைத் தொட்டுப் பார்த்து "ராத்திரி பத்துக்கும் பத்தரைக்கும் நடுவுல செத்திருக்கணும்" என்று சொல்லும் ஆள் எந்த ஊரிலும் கிடையாது, சென்னையில் நிச்சயம் கிடையாது. உடம்பு குளிரும் வேகத்தை வைத்து நேரம் கணிப்பது குளிர்நாட்டுக்கு ஏற்ற முறை. உடம்பின் சூடு 37 டிகிரி. மே மாதத்தில் ஓடு வேய்ந்த அறையில் காற்றின் சூடும் ஏறக்குறைய அதே அளவு. குளிர்வதற்கே இடமில்லை. ஆகவே மற்ற அடையாளங்களைப் பார்ப்பார்கள். விறைப்பு நம்மூர்ச் சூட்டில் ஒன்று, இரண்டு மணி நேரத்திலேயே இமையிலும் தாடையிலும் தொடங்கி, 12 மணி நேரத்துக்குள் உடம்பு முழுக்கப் பரவி, மறுநாளே தளர ஆரம்பிக்கும். கோடையில் 12 மணி நேரத்தை ஒட்டியே அடிவயிற்றின் வலது பக்கம் பச்சை படரத் தொடங்கிவிடும். இவ்வளவையும் வைத்து அறிக்கையில் எழுதுவது, பிரேதப் பரிசோதனைக்கு இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி நேரம் முன்பு என்று ஒரு வீச்சுதான். ஏ.சி. 18-இல் ஓடிய அறை என்றால் இந்தக் கணக்கு எல்லாமே பின்னால் தள்ளிப்போகும். விடியும் முன் ஏ.சி.யை அணைத்து ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போன கொலையாளி, கரண்ட் பில்லில் மாட்டிக்கொள்ளலாம்.

விஷ விவகாரமும் அன்றே முடியாது. இரைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் பகுதிகளைப் இனியும் கரையாத அளவு உப்புக் கலந்த நீரில் போட்டு, சீல் வைத்து, தடய அறிவியல் துறைக்கு அனுப்புவார்கள். விடை வர வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு. அதுவரை மரணத்தின் காரணம் "முடிவு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்றே இருக்கும். அந்த வாரங்களில்தான் சந்தேகப்படுபவரும் சந்தேகிக்கப்படுபவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

"போலீஸ் கேஸ், எஃப்.ஐ.ஆர். இல்லாம தொட மாட்டோம்" என்ற வசனத்தையும் இனி எழுத வேண்டாம். முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் இருக்கிறது. நிஜத்தில் நடப்பது இதுதான்: சென்ட்ரல் எதிரே ஜி.ஹெச்.சுக்கு 108-இல் வந்து இறங்கியதும் நிலைமையைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள், சிகிச்சை ஓடும்போதே ஒரு பக்கம் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு போடுவார்கள், போலீஸுக்குத் தகவல் போகும். "யார் அடிச்சாங்க? எதால அடிச்சாங்க? எத்தனை மணிக்கு?" என்று அந்த ஏ.ஆர். காப்பிக்காகக் கேட்கப்படும் மூன்று கேள்விகளுக்கு, பயத்தில் ஒருவர் சொல்லும் பொய் பின்னால் கோர்ட்டில் வந்து நிற்கும். கதைக்கு அது போதாதா?

கடைசியாக மூளைச்சாவு. கோமாவையும் இதையும் ஒன்றாக எழுதுகிறவர்கள் அதிகம். கோமாவில் மூச்சு ஓடலாம், ஆள் மீளலாம். மூளைச்சாவு மரணம், மீண்டு வருவது கிடையாது. அதனால்தான் அதைச் சொல்வதற்கு முன் இவ்வளவு கெடுபிடி. நான்கு டாக்டர்கள், உறுப்பு மாற்றும் குழுவில் இல்லாதவர்கள், 6 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதிக்க வேண்டும். தூக்க மருந்து உடம்பில் மிச்சமில்லை, உடம்பு குளிர்ந்துபோகவில்லை, கட்டு விரியன் கடியில்லை என்று முதலில் உறுதி செய்வார்கள். பிறகு ஒவ்வொன்றாக: கண்மணியில் வெளிச்சம், கருவிழியில் பஞ்சு நுனி, காதில் குளிர்ந்த நீர், தொண்டைக் குழாய்க்குள் உறிஞ்சும் டியூப். எதற்கும் எதிர்வினை இல்லை என்றால் மூச்சுச் சோதனை. வென்டிலேட்டரைக் கழற்றி, மெல்லிய குழாயில் ஆக்ஸிஜன் மட்டும் விட்டு, போர்வையை இடுப்புவரை இறக்கிவிடுவார்கள். ஏறக்குறைய 8 நிமிடம். அறையில் யாரும் பேசுவதில்லை. எல்லார் கண்ணும் நெஞ்சுக்கூட்டின் மேலேயே இருக்கும். முடிவில் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து, கார்பன் டை ஆக்ஸைடு அளவு 60-ஐத் தாண்டிவிட்டதா என்று பார்ப்பார்கள். தாண்டியும் நெஞ்சு எழவில்லை என்றால், வென்டிலேட்டரைத் திரும்ப மாட்டிவிட்டு மணி பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். 6 மணி நேரம் கழித்து, மறுபடி கண்மணியில் வெளிச்சத்திலிருந்து ஆரம்பம்.